அறை வாடகையில் காட்டாத வரி: தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு

வழிப்போக்கன்

போன வாரம்தான் ரோமிலிருந்து திரும்பினோம். நான், மனைவி, அம்மா, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன் என ஐந்து பேர், ஐந்து இரவு. மூன்று நட்சத்திர ஓட்டலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. வாடகை மொத்தத்தையும் இரண்டு மாதம் முன்பே இணையத்தில் கட்டிவிட்டேன்.

கிளம்பும் நாள் காலை ஆறு மணி. ரிசப்ஷனில் சாவியைக் கொடுத்தேன். அங்கிருந்தவர் ஒரு சின்னச் சீட்டை என் பக்கம் தள்ளினார். நகர வரி, 150 யூரோ. கார்டை எடுத்தேன். ரொக்கம்தான் வேண்டும் என்றார். பர்ஸில் இருந்தது 70 யூரோ. வாசலில் டாக்சி நிற்கிறது, விமானத்துக்கு நேரமாகிறது. இரண்டு தெரு தள்ளி ஏ.டி.எம். தேடி ஓடிப்போய்ப் பணம் எடுத்து வந்தேன். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏம்பா, நாம பணம் கட்டாமலா இத்தனை நாள் இங்க இருந்தோம்?" என்று கேட்டார். போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் இன்னும் என்னைக் குடைகிறது.

வீடு வந்ததும் புக்கிங் மின்னஞ்சலைத் தோண்டிப் பார்த்தேன். ரத்து விதிகளுக்கும் கீழே, "உள்ளூர் வரி சேர்க்கப்படவில்லை, ஓட்டலில் செலுத்த வேண்டும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை.

வரியே கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்த் தெருவில் நடந்தோம், குழாயில் தண்ணீர் பிடித்தோம், குப்பை போட்டோம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் முதலிலேயே ஏன் சொல்லக் கூடாது? அறையை எண்ணாமல் தலையை எண்ணுவது ஏன்? அடுத்த வருடமும் இதே ஐந்து பேரோடு கிளம்பும் எண்ணம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி

தலையை எண்ணுவது உங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பாரம் என்றால், என்னைப் போலப் பொது அறையில் ஒரு படுக்கை எடுத்துத் தங்குபவனுக்கு வேறு விதமான பாரம். லிஸ்பனைப் பாருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து தலைக்கு இரவுக்கு 4 யூரோ. முன்பு 2 ஆக இருந்தது. ஓட்டலின் தரம் என்ன, வாடகை என்ன என்ற பேச்சே கிடையாது. 30 யூரோ படுக்கைக்கு 4 யூரோ என்றால் நூற்றுக்குப் பதின்மூன்று. 400 யூரோ அறையில் இரண்டு பேர் தங்கினால் அவர்கள் கொடுப்பது 8 யூரோ, நூற்றுக்கு இரண்டு. குறைவாகச் செலவு செய்பவன் அதிக விகிதத்தில் கட்டுகிறான். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

அதிகபட்சம் 7 இரவு என்ற வரம்பும், 13 வயதுக்குக் கீழே இல்லை என்பதும் மட்டும் ஆறுதல்.

நெய்தல்

வழிப்போக்கன் அண்ணா, அறைக்கு எண்ணும் ஊர்களும் இருக்கின்றன. மலேசியாவில் 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட். அறையில் இரண்டு பேரா நான்கு பேரா என்று கேட்பதில்லை. குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் கிடையாது. மான்செஸ்டர் நகர மையத்தில் 2023 ஏப்ரல் முதல் அறைக்கு இரவுக்கு 1 பவுண்ட். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த முறைதான் நிம்மதி.

முன்மேசை

ஐயா, முதலில் அவசரமான விஷயம். உங்கள் மகனுக்கு எட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமில் பத்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இந்த வரி கிடையாது. மூன்று நட்சத்திர ஓட்டலில் தலைக்கு இரவுக்கு 6 யூரோ. நான்கு பேர், ஐந்து இரவு என்றால் 120 தான் வர வேண்டும். 150 வாங்கியிருக்கிறார்கள் என்றால் பையனையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் "பேர் x இரவு" என்று ஒரு பெருக்கல் இருக்கும், பாருங்கள்.

நான் ஓட்டல் முன்மேசையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள், அதில் ஆறு வருடம் இத்தாலியில். இந்தப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன்.

இந்தப் பணம் ஓட்டலுடையது இல்லை. வாங்கி நகராட்சியிடம் அப்படியே கட்ட வேண்டும். இத்தாலியில் 2020 முதல் அதைக் கட்டும் பொறுப்பே ஓட்டல்காரர் தலையில். விருந்தினர் கொடுக்காமல் போய்விட்டாலும் நகராட்சி எங்களைத்தான் கேட்கும். மாலை ஐந்து மணிக்கு ஒரு பஸ் நிறைய ஆள் இறங்குவார்கள். பாஸ்போர்ட் வாங்க வேண்டும், பெயர் பதிய வேண்டும், யாருக்கு எத்தனை வயது என்று பார்க்க வேண்டும். அந்த நெருக்கடியில் வயதுப் பெட்டியில் ஒன்றும் போடாமல் விட்டால் கணினி எல்லோரையும் பெரியவராகவே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

அப்புறம், ஏன் அறை விலையோடு சேர்ப்பதில்லை என்று கேட்டீர்கள். புக்கிங் செய்யும்போது "இருவர்" என்று போட்டுவிட்டு மூன்று பேராக வருவார்கள். நான்கு இரவு என்று சொல்லி இரண்டில் கிளம்புவார்கள். விலக்கு உள்ளவர் யார் என்று வந்த பிறகுதான் தெரியும். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தேடல் பட்டியலில் யார் விலை குறைவாகத் தெரிகிறதோ அவரைத்தான் முதலில் தட்டுகிறார்கள். பக்கத்து ஓட்டல் வரியில்லாமல் விலை காட்டும்போது நாம் மட்டும் சேர்த்துக் காட்டினால் நமக்குத்தான் நஷ்டம். நான் வேலை பார்த்த இடத்தில் முதலாளி ஒரு சீசன் முழுக்கச் சேர்த்துக் காட்டினார். அடுத்த சீசனில் பழையபடி பிரித்துவிட்டார்.

ரொக்கம் கேட்பது கார்டுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க. கார்டில் வாங்கினால் அந்தக் கட்டணம் ஓட்டலின் கையிலிருந்து போகும், நகராட்சி அதைத் திருப்பித் தராது. அதற்காகக் காலை ஆறு மணிக்கு ஒருவரை ஏ.டி.எம். தேடி ஓடவிடுவது சரி என்று நான் சொல்ல மாட்டேன். செக்-இன் செய்யும்போதே சொல்லியிருந்தால் ஐந்து நாள் அவகாசம் இருந்திருக்கும். நான் இருந்தவரை சாவி கொடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அப்போது யாரும் கோபப்பட்டதில்லை. கிளம்பும்போது சொன்னால் கோபப்படாதவர் இல்லை.

வழிப்போக்கன்

முன்மேசை அம்மா, ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன். 5 x 5 = 25, அதை 6 ஆல் பெருக்கி 150 என்று பேனாவால் எழுதியிருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கும் சேர்த்துத்தான். இன்றே எழுதிக் கேட்கிறேன். உங்களுக்கு நன்றி.

நகரவாசி

நான் ஆம்ஸ்டர்டாமில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இந்தப் பேச்சில் ஊரில் குடியிருப்பவர் பக்கமும் வர வேண்டும்.

என் ஜன்னலுக்குக் கீழே செங்கல் பாவிய தெரு. விடியற்காலை நான்கரை மணிக்குப் பெட்டிச் சக்கரங்கள் அதன்மேல் உருளும் சத்தத்தில்தான் பாதி நாள் விழிக்கிறேன். முதல் விமானத்துக்குப் போகிறவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படி வந்தவன்தான். ஆனால் அந்தத் தெருவைக் கூட்டுவது, கால்வாயில் விழுந்த பாட்டில்களை அள்ளுவது, டிராமைக் கூடுதலாக ஓட்டுவது எல்லாம் நகராட்சிக் கணக்கில்தான் ஏறுகிறது.

இங்கே 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். அதற்கு முன்பு 7 சதவீதமும், அதன் மேல் தலைக்கு இரவுக்கு 3 யூரோவும் இருந்தது. தலைக்கணக்கை எடுத்துவிட்டு முழுக்கச் சதவீதமாக்கியது ஊர்சுற்றி சொல்லும் குறைக்கு ஒரு பதில். 100 யூரோ அறைக்கு 12.50, 400 யூரோ அறைக்கு 50. விலை கூடிய அறை எடுத்தவர் கூடுதலாகக் கட்டுகிறார்.

வரியால் மட்டும் கூட்டம் குறையும் என்று நகராட்சியும் நம்பவில்லை. வருடத்துக்கு 2 கோடி இரவுத் தங்கல் என்று ஓர் உச்சவரம்பை 2021ல் தீர்மானித்தார்கள். 2024 முதல், ஏற்கெனவே இருக்கும் ஓட்டல் ஒன்று மூடினால்தான் புதியதற்கு இடம். வீட்டை மொத்தமாக வாடகைக்கு விடுவதற்கு வருடத்துக்கு 30 இரவுதான் பொது வரம்பு. இவ்வளவும் செய்த பிறகும் கோடையில் எங்கள் தெருவில் நடக்க வழியில்லை.

ஊர்சுற்றி

நகரவாசி, உங்கள் தூக்கம் கெடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது என்றால் யார் குறைவார்கள்? பணம் உள்ளவன் அப்படியே வருவான். நான் வர மாட்டேன். நெதர்லாந்தில் 2026 ஜனவரி முதல் தங்கலுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 9 சதவீதத்திலிருந்து 21 ஆகியிருக்கிறது. அதோடு உங்கள் நகராட்சியின் பன்னிரண்டரை. வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரி. நான் மியூசியத்தைப் பார்க்கப் பக்கத்து ஊரில் தங்கி ரயிலில் வந்து போகிறேன். கூட்டத்தில் நானும் இருக்கிறேன், உங்கள் ஊருக்கு என்னால் தங்கல் வரி வரவில்லை. யாருக்கு லாபம்?

கணக்கர்

ஊர்சுற்றி கடைசியாகச் சொன்னதுதான் இதில் எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடம். ஓர் ஊரில் இரவு தங்குபவர் அறை எடுக்கிறார், சாப்பிடுகிறார், கடைக்குப் போகிறார். பகலில் வந்து மாலையில் போகிறவர் நெரிசலைக் கூட்டுகிறார், கையைவிட்டுப் பெரிதாக எதுவும் போவதில்லை. தங்கல் வரி முதல் ஆளை மட்டும் பிடிக்கிறது, ஏனென்றால் அவரிடம் வசூலிப்பது சுலபம். அவர் பெயர் ஓட்டல் பதிவேட்டில் இருக்கிறது.

வெனிஸ் இதைச் சரிசெய்யப் பார்த்தது. 2024 ஏப்ரல் 25 அன்று பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் 29 நாட்களுக்கு மட்டும், தலைக்கு 5 யூரோ. 2025ல் அதை 54 நாட்களாக்கினார்கள். முன்கூட்டியே பதிந்தால் 5, கடைசி நேரத்தில் வந்தால் 10. ஓட்டலில் தங்குபவருக்கு இது கிடையாது, ஏற்கெனவே தங்கல் வரி கட்டுகிறார். ஆனால் விலக்கு உண்டு என்பதற்கும் இணையத்தில் பதிந்து கியூ.ஆர். குறியீடு எடுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், போகிறவர்கள் மனத்தில் வையுங்கள்.

ஐந்து யூரோவுக்குப் பயந்து வெனிஸைப் பார்க்காமல் திரும்புகிறவர் யார்? அந்தத் தொகை கூட்டத்தைத் தடுக்காது, கஜானாவைக் கொஞ்சம் நிரப்பும்.

பொதுவாகவே சின்ன வரி பயணத்தைத் தடுப்பதில்லை. ஹவாயில் 1987ல் ஓட்டல் அறைக்கு 5 சதவீத வரி வந்தபோது, பயணிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. பிறகு பொருளியலாளர்கள் வருவாய்க் கணக்கை எடுத்து ஆராய்ந்ததில் சொல்லிக்கொள்ளும்படி பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அந்த வரி படிப்படியாக ஏறி, 2026 ஜனவரி முதல் 11 சதவீதம். பாதிப்பு தெரியாததற்குக் காரணம் எளிது. விமானக் கட்டணம், விடுப்பு, அறை என்று ஆயிரக்கணக்கில் போடுபவருக்கு இந்தத் தொகை முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பல நேரம் அது இருப்பதே தெரிவதில்லை, நம் வழிப்போக்கனுக்குத் தெரியாமல் போனதுபோல.

பனிமலை

தொகை பெரிதானால் கதை மாறும் என்பதற்கு பூட்டான் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது, பயணிகளிடம் வாங்கும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தைத் தலைக்கு இரவுக்கு 65 டாலரிலிருந்து 200 ஆக்கினார்கள். நானும் தங்கையும் எட்டு இரவுக்குத் திட்டம் போட்டிருந்தோம். அறை, வண்டி, வழிகாட்டி எல்லாம் தனி. இந்தக் கட்டணம் மட்டும் இருவருக்கும் 3,200 டாலர். திட்டத்தைக் கைவிட்டோம். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை, ஒரே வருடத்தில், 2023 செப்டம்பரில், 100 ஆகக் குறைத்தார்கள். 2027 ஆகஸ்ட் வரை இந்தத் தொகைதான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி, அதற்குக் கீழே இல்லை. இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய்.

குறைத்த பிறகு போனோம். ஐந்து இரவாகச் சுருக்கிக்கொண்டோம். இரவுக்கு இவ்வளவு என்று எண்ணும் வரி பயணத்தை நிறுத்தாவிட்டாலும் நாளைக் குறைத்துவிடும். பும்தாங் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்று தங்கைக்கு ஆசை, அதற்கு இன்னும் மூன்று இரவு வேண்டும். போகவில்லை. நாங்கள் போகாத அந்தப் பள்ளத்தாக்கில் யாரோ ஒருவருக்கு மூன்று நாள் வருமானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அங்கே இந்தத் தொகையை யாரும் மறைக்கவில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழுதாகக் கட்டினோம்.

நெய்தல்

ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் நாள் கூடக் கூட வரியைக் குறைக்கிறார்கள். ஒன்பதாம் நாளிலிருந்து பாதி. குளிர்காலத்தில் வேறு நான்கில் ஒரு பங்குதான். பதினாறு வயதுக்குக் கீழே இல்லை. நிதானமாகத் தங்கு, கூட்டம் இல்லாத மாதத்தில் வா என்று வரியே சொல்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது.

கணக்கர்

அதே தீவுகளில் 2002ல் இந்த வரியைக் கொண்டுவந்து, ஆட்சி மாறியதும் 2003லேயே எடுத்துவிட்டார்கள். மறுபடி வந்தது 2016 ஜூலையில். ஓட்டல்காரர்களின் எதிர்ப்பு முதல் முறை அவ்வளவு பலமாக இருந்தது.

அலுவல்பயணி

நான் சுற்றுலாவே போவதில்லை. மாதத்தில் பத்து நாள் வேலைக்காக ஓட்டலில் கிடக்கிறேன், பெரும்பாலும் ஜெர்மனியில். அங்கே இது பெரிய வழக்காகவே நடந்தது. வேலைக்காகத் தங்குபவரிடம் இந்த வரியை வாங்கக் கூடாது என்று 2012ல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சொன்னது. அதனால் பத்து வருடம் நிறுவனத்தின் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு படிவம். 2022ல் அரசியல் சாசன நீதிமன்றம் யாரிடமும் வாங்கலாம் என்றது. பெர்லினில் 2024 ஏப்ரல் முதல் வேலைக்காக வருகிறவர்களும் கட்டுகிறோம். 2025 முதல் 5 சதவீதம் 7.5 ஆகியிருக்கிறது.

நிறுவனம் கொடுத்துவிடுகிறது, எனக்குக் கைநஷ்டம் இல்லை. ஆனால் தனி ரசீதில் ரொக்கமாக வாங்கினால் அதைக் கணக்கில் ஏற்றுவதற்குள் உயிர் போகிறது. சதவீதமாக்கி பில்லிலேயே சேர்த்துவிட்டால் போதும்.

தூரதேசி

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் முறை. படிக்கப் படிக்க எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருடம் முன்பு என் தம்பி இத்தாலியில் படித்துக்கொண்டிருந்தான். விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். நானும் அப்பாவும் ஓடினோம். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இரண்டு நட்சத்திர ஓட்டல் ஒன்றில் இருபத்திரண்டு நாள். காலையில் கஞ்சி மாதிரி எதையாவது வாங்கிக்கொண்டு போவோம், இரவு பத்து மணிக்குத் திரும்புவோம். அந்த ஊரில் ஒரு கோயிலையோ ஒரு சதுக்கத்தையோ நாங்கள் பார்க்கவில்லை. கணக்கு முடிக்கும்போது "சுற்றுலா வரி" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை. தொகை அப்படிப் பெரிதில்லை, ஒரு வரம்புக்கு மேல் எண்ணவில்லை. அந்தச் சொல்தான் அவரை அடித்தது.

கட்டிவிட்டு வந்துவிட்டோம். இதற்கு விலக்கு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்மேசை

அம்மா, உங்கள் தம்பி இப்போது நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

விலக்கு உண்டு. இத்தாலியில் ஒவ்வொரு நகராட்சிக்கும் தனி விதி, ஆனால் பல நகரங்களில் ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு இந்த வரி இல்லை. நோயாளிக்கு ஒருவர் என்று சில இடத்தில், குழந்தை நோயாளி என்றால் தாய் தகப்பன் இருவருக்கும் என்று சில இடத்தில். ஒரு படிவத்தில் நோயாளி எந்த நாள் முதல் எந்த நாள் வரை எங்கே இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் முன்மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.

கேட்டவர்களுக்குத்தான் எடுத்துக் கொடுப்போம். கேட்கத் தெரியாதவர் எத்தனை பேர் என் கண் முன்னாலேயே கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று உங்கள் பதிவைப் படித்ததும் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டலில் நானும் இரண்டு வருடம் இருந்தேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும், உல்லாசத்துக்கு வந்தவர்கள் இல்லை என்று. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சில முறை கேட்டேன். எல்லா முறையும் கேட்கவில்லை.

நகரவாசி

தூரதேசியின் பதிவுக்குப் பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஊருக்குப் பணம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. விலக்கு இருந்தும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைத் துயரத்தில் இருப்பவரிடம் விடக் கூடாது. செக்-இன் படிவத்திலேயே "எதற்காகத் தங்குகிறீர்கள்" என்று ஒரு கேள்வி போதும்.

ஊர்சுற்றியின் கேள்விக்கும் ஒரு பதில். கியோட்டோ செய்திருப்பதைப் பாருங்கள். 2018 அக்டோபரில் தொடங்கியபோது தலைக்கு இரவுக்கு 200, 500, 1,000 யென் என்று மூன்று படி. 2026 மார்ச் முதல் ஐந்து படி. ஒருவருக்கு 6,000 யென்னுக்குள் வரும் அறைக்கு அதே 200 யென். ஒருவருக்கு ஒரு லட்சம் யென்னும் அதற்கு மேலும் கொடுத்துத் தங்குபவருக்கு 10,000 யென். பள்ளிச் சுற்றுலா வரும் மாணவர்களுக்கு இல்லை. கீழ்ப்படியை அசைக்காமல் மேல்படியைப் பத்து மடங்காக்கியிருக்கிறார்கள். உங்களைப் போன்றவர் வரலாம், ஊருக்கும் பணம் வரும்.

ஊர்சுற்றி

இது நன்றாக இருக்கிறது. இதை ஒத்துக்கொள்கிறேன்.

நெய்தல்

அமெரிக்க ஓட்டல்களில் "ரிசார்ட் ஃபீ" என்று இரவுக்கு ஒரு தொகை போடுகிறார்களே, அதுவும் இந்த வரிதானா? என் அக்கா கேட்கச் சொன்னாள்.

கணக்கர்

இல்லை. அது ஓட்டலே தனக்காக வாங்கும் பணம், அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி அந்தத் தொகையை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். ஆனால் அரசு வரிகளை அந்த விலையில் சேர்க்காமல் விடலாம், பணம் கட்டும் முன் சொன்னால் போதும். அதனால் அங்கேயும் முதலில் கண்ணில் படும் விலை கடைசி விலை இல்லை. நியூயார்க் நகரத்தில் அறை வாடகையில் 14.75 சதவீதமும் அதன் மேல் இரவுக்கு மூன்றரை டாலரும் சேரும்.

அக்கா நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் இன்னொன்று. டெக்சாஸில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்கப்போகிறேன் என்று முன்பே எழுதிக் கொடுத்தால் மாநிலத்தின் 6 சதவீத ஓட்டல் வரி முதல் நாளிலிருந்தே விழாது. சொல்லாமல் தங்கினால் முதல் 30 நாளுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். வேறு சில மாநிலங்களிலும் இப்படி நீண்ட தங்கலுக்கு விலக்கு உண்டு, நாள் கணக்குதான் மாறும்.

பனிமலை

பணம் எங்கே போகிறது என்பதை யாரும் தொடவில்லையே. பூட்டானில் அது பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகிறது என்று எங்கள் வழிகாட்டி சொன்னபோது, கொடுத்ததில் எனக்கு மனக்குறை இல்லாமல் போயிற்று.

நகரவாசி

ஊருக்கு ஊர் வேறுபடும். பாரிஸில் 2024ல் வரியைப் பெருமளவு ஏற்றினார்கள். கூடுதலாக வந்தது அந்த வட்டாரப் பொதுப் போக்குவரத்துக்கு. பயணிகளும் மெட்ரோவில்தான் போகிறார்கள், பொருத்தமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் 2024 சட்டம் இன்னும் கறார். வசூலான தொகையைப் பயணிகள் பயன்படுத்தும் வசதிகளுக்கும் சேவைகளுக்கும்தான் செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டப்படி எடின்பரோ 5 சதவீத வரியை 2026 ஜூலை 24 முதல் என்று அறிவித்தது, முதல் ஐந்து இரவுக்கு மட்டும். 2025 அக்டோபருக்கு முன்பே புக் செய்து பணம் கட்டியவருக்கு இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கொடுத்து அறிவித்தார்கள். எங்கள் ஆம்ஸ்டர்டாமில் இந்தப் பணம் பொது நிதியில் கலக்கிறது. எனக்கே எது எங்கே போயிற்று என்று காட்ட முடியாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

முன்மேசை

அடுத்த பயணத்துக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன் வழிப்போக்கன் ஐயா. புக் செய்த அன்றே ஓட்டலுக்கு நேரடியாக எழுதுங்கள். எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, எத்தனை இரவு என்று போட்டு, "நகர வரி மொத்தம் எவ்வளவு, கார்டில் கட்டலாமா" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும். அதை அச்செடுத்து முதல் நாளே முன்மேசையில் காட்டுங்கள். அங்கே நிற்பவருக்கும் அது உதவிதான்.

வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

ஓட்டலுக்கு ரசீதின் படத்தோடு எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் முன்மேசை அம்மா சொன்னபடி பத்து வயது விதியையும், 4 x 5 x 6 = 120 என்ற கணக்கையும் போட்டேன். மறுநாளே பதில் வந்தது. பையனின் பிறந்த தேதி பதிவாகவில்லை, பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். நேற்று 30 யூரோ என் கார்டுக்குத் திரும்பியிருக்கிறது. அன்று கார்டில் வாங்க முடியாது என்றவர்கள் கார்டிலேயே திருப்பினார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். "அப்ப நாம கட்ட வேண்டியதவிட ஜாஸ்தியாத்தான் கட்டியிருக்கோம்" என்றார். அன்று விடியற்காலை கேட்ட கேள்வி அவர் மனத்திலும் இருந்திருக்கிறது.

தூரதேசி அம்மா, உங்கள் ரசீது இருக்கிறதா? இருந்தால் அந்த ஊர் பெயரை முன்மேசை அம்மாவுக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

தூரதேசி

அப்பாவின் கோப்பில் இருக்கிறது. அவர் எதையும் தூக்கிப் போடுவதில்லை. பணம் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் படிவம் எப்படி இருக்கும் என்று மட்டும் அவருக்குக் காட்ட வேண்டும். இன்று அனுப்புகிறேன். தம்பி நடக்கிறான்.